நான் நடித்துக் காட்டிய பொய்ச் சாட்சி

எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் என் சன்னது கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. வக்கீல் தொழில் செய்யலாம் என்று சர்க்கார் எனக்குக் கொடுத்த காகிதம் அது. காலையில் குளித்துவிட்டு வந்து சாமிக்குக் கும்பிடு போடும்போது கை கொஞ்சம் அந்தப் பக்கமும் சாய்ந்துவிடும். "சாமியக் கும்பிடுதீகளா, காயிதத்தக் கும்பிடுதீகளா?" என்று என் மனைவி கேட்பாள். இரண்டில் யார் கோபித்துக்கொண்டாலும் அடுப்பு எரியாது என்பதால் நான் பதில் சொல்வதில்லை.

ஊரில் எனக்குக் கேலிக்காரன் என்று பெயர். அந்தப் பெயரில் பாதிக்குத்தான் நான் தகுதியுள்ளவன். மீதிப் பாதி, முழங்கால் நடுங்குகிற சத்தம் பிறர் காதில் விழாமலிருக்க நான் போடுகிற கூச்சல். கோர்ட்டில் சேவகன் என் பெயரைக் கூப்பிட்டால் இன்றைக்கும் ஒரு நிமிஷம் நான்தான் குற்றவாளியோ என்று தோன்றும். பிறகு கோட்டைத் தொட்டுப் பார்த்து, இல்லை, நாம் வக்கீல் என்று தெளிவேன்.

கோட்டு என்றதும் இன்னொரு கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து தச்சநல்லூர் போகிற சாலையோரம் ஒரு வயல். அதன் நடுவே காக்கை விரட்டுகிற வைக்கோல் பொம்மை. அந்தப் பொம்மை போட்டிருந்தது அசல் வக்கீல் கோட்டு. பொத்தான் உட்பட எல்லாம் ஒழுங்காக இருக்கும். தலைக்கு மட்டும் மண்சட்டி. அந்தக் கோட்டுக்கு உடையவர் எனக்கு முந்தின தலைமுறை வக்கீல், நல்ல கெட்டிக்காரர். கட்சிக்காரன் ஒருவன் அடிதடியில் மாட்டிக்கொண்டு வந்தபோது, "அன்னைக்கு நான் பாபநாசத்துல தீர்த்தமாடிக்கிட்டு இருந்தேன்னு பிரமாணம் பண்ணிச் சொல்லிரு" என்று யோசனை சொல்லியிருக்கிறார். அவனும் கூண்டில் ஏறி அப்படியே சொன்னான். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, அன்றைக்குத் தாமிரபரணியில் வெள்ளம் வந்து பாபநாசத்துப் படித்துறையே முங்கிக் கிடந்ததே, நீர் எந்தப் படியில் இறங்கிக் குளித்தீர் என்று கேட்டார். அவன் கூண்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். "வக்கீலையாதான் சொல்லச் சொன்னாக."

பொய் சொன்னவனுக்கு ஜெயில். சொல்லச் சொன்னவரும் உடந்தை என்று கூண்டில் நின்றார். வழக்கை விசாரித்த முன்சீபிடமிருந்து ஜில்லா ஜட்ஜுக்குக் காகிதம் போயிற்று. அங்கிருந்து மதராஸ் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து திரும்பி வந்தபோது சன்னது ரத்து. அவர் இப்போது ஒரு கருப்பட்டி மண்டியில் கணக்கு எழுதுகிறார். பழக்கம் மட்டும் போகவில்லை. "நேத்தும் இதே கருப்பட்டியத்தானே வாங்கிட்டுப் போனீரு? அத மறுக்கீரா?" என்று வாடிக்கைக்காரர்களைக் குறுக்கு விசாரணை செய்வார். கோட்டை அவர் மனைவி வயலுக்குக் கொடுத்துவிட்டாள்.

நான் அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் பொம்மை ஒரு கையை நீட்டி, "வாரும் வே" என்று கூப்பிடுவதுபோலவே இருக்கும்.

இப்படிப்பட்ட தைரியசாலியிடம்தான் அந்த மாமரத்து வழக்கு வந்து சேர்ந்தது.

கட்சிக்காரர் தச்சநல்லூருக்கு வடக்கே ஒரு கிராமத்து விவசாயி. வயது என்னைவிட அதிகம். ஆகையால் எனக்கு அவர் அண்ணாச்சி. விவசாயம் போக அவருக்கு இன்னொரு தொழில் உண்டு. கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டு நடக்குமல்லவா, அதில் முன்னால் உட்கார்ந்து கதை சொல்கிற அண்ணாவிக்குப் பக்கத்தில் அமர்ந்து 'ஆமா' போடுகிறவர் அவர். அண்ணாவி ஒரு வரி பாடினால், "ஆமா!" என்று தூக்கி, அதே வரியை அதே ராகத்தில் திருப்பிப் பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒருமுறை காதில் விழுந்தால் போதும், அண்ணாவி நடுவில் இருமியது உட்பட மனசில் தங்கிவிடும். அவருடைய இந்தப் பெருமையை எனக்கு அவரே சொல்லியிருந்தார். நானும், பேஷ் என்று பாராட்டினேன். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்கிற மனுஷனாக இருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது.

வழக்கு இதுதான். அவர் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவில் வேலியோரம் ஒரு மாமரம். அண்ணாச்சியின் தாயார் கல்யாணமாகி வந்த வருஷம் அதை நட்டதாக அவர் வீட்டில் சொல்லிக் கேள்வி. பக்கத்து வயல்காரர், மரம் தன்னுடையது என்று திடீரென்று வேலியை மாற்றிப் போட்டார். தாயார் போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணாச்சிக்கு அந்த மரத்தில் தாயார் இன்னும் நிற்கிற மாதிரி.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் அவரை வீட்டுக்கு வரச்சொன்னேன். எல்லா வக்கீல்களும் செய்கிற காரியம்தான். எதிர்க்கட்சி வக்கீல் என்ன கேட்பார், பதறாமல் எப்படி நிற்பது என்று சாட்சிக்கு முன்கூட்டிச் சொல்லி வைப்பது.

"உம்ம தாயார் நட்டத நீரு கண்ணால பாத்தீரான்னு கேப்பாரு அண்ணாச்சி."

அவர் துண்டைத் தோளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றினார். பிறகு பைய என்னருகில் குனிந்து, "பாத்தேன்னு சொல்லிருவமாய்யா?" என்றார்.

எனக்கு வைக்கோல் வாடை அடித்தது.

"வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு எப்போது தெரிந்தது? "பாத்தேன்னு சொன்னா என்ன ஆகும்னு காட்டுதேன், பாரும்" என்று எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டினேன். கூடத்து நாற்காலி முன்சீப் ஆசனம். மாவரைக்கிற திருகையை இழுத்துப் போட்டு அதைச் சாட்சிக் கூண்டாக்கினேன்.

முதலில் முன்சீபாக உட்கார்ந்தேன். அப்போதைய முன்சீப் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். யாரையும் 'ஓய்' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊர் 'வே'க்கு நடுவில் அது தனியாகக் கேட்கும். வெள்ளிப் பொடி டப்பி ஒன்று எப்போதும் கையில் இருக்கும். விசாரணை நடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நம்பி வாய்க்கு வந்ததைச் சொன்னவர்கள் எல்லாம் கெட்டுப் போனார்கள், கண்ணைத் திறக்காமலே "அப்படியா?" என்பார். அவர் பொடி உறிஞ்சுகிற மாதிரி நான் உறிஞ்சி, மூக்கை ஒரு சுழற்று சுழற்றி, கண்ணை மூடிக் குறட்டை விட்டு, திடுக்கிட்டு விழித்து, "ம்... மேலே சொல்லும் ஓய்" என்றேன். அடுக்களையில் என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

அவள் சிரித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இன்னொரு குறட்டையும் விட்டேன்.

பிறகு எதிர்க்கட்சி வக்கீலானேன். அவர் பாளையங்கோட்டையிலிருந்து வருகிற கிறிஸ்தவர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மனசு, கேள்வி கேட்குமுன் வயிற்றுக்குமேல் கோட்டை இழுத்துவிட்டு, "சரி... பெரியவரே" என்பார். அதையும் செய்தேன். பிறகு திருகைமேல் தாவி ஏறிப் பொய்ச் சாட்சியானேன். அசல் பொய்ச் சாட்சிக்குப் பொய் ஒன்று போதாது. அதற்கு நகை நட்டெல்லாம் போட்டு அலங்காரம் செய்வான். "பாத்தேன்! கையில செம்புத் தண்ணியப் புடிச்சிக்கிட்டு நின்னேன். சாரல் அடிச்சுது. மேற்க ஒரு காக்கா கத்திச்சு" என்று ஒரு பொய் இருமலோடு அளந்தேன். எந்த வருஷம் என்று வக்கீலாகக் கேட்டு, தாயார் கல்யாணமாகி வந்த வருஷம் என்று சாட்சியாகச் சொல்லி, அப்படியானால் தாயார் கல்யாணத்துக்கு நீரும் போயிருந்தீரோ என்று வக்கீலாக மடக்கி, "போயிருந்தேன், பந்தியில சாப்பிட்டேன்" என்று சாட்சியாகக் குப்புற விழுந்தேன். அடுக்களையில் ஏதோ பாத்திரம் கீழே உருண்டது.

கடைசியில் மூச்சு வாங்க நின்று, "பாத்தீரா அண்ணாச்சி? இப்படிச் சொன்னா உமக்கு ஜெயிலு, எனக்குக் கருப்பட்டி மண்டி. அதனால உள்ளதச் சொல்லும். பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லும்" என்றேன்.

அண்ணாச்சி அசையாமல் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றார். எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்று நான் மகிழ்ந்தேன்.

மறுநாள் கூண்டில் ஏறிக் கடவுள் முன்னிலையில் பிரமாணம் செய்தார். நான் கேட்டவற்றுக்கெல்லாம் மணிமணியாகப் பதில் சொன்னார். நான் உட்கார்ந்தேன். முன்சீப் கண்ணை மூடினார். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, வயிற்றுக்குமேல் கோட்டை இழுத்துவிட்டு, "சரி... பெரியவரே" என்றார்.

அண்ணாச்சியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கொடையில் அண்ணாவி வில்லைத் தட்டியதும் வருகிற வெளிச்சம் அது என்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று.

"உம்ம தாயாரு அந்த மரத்த நட்டத நீரு கண்ணால பாத்தீரா?"

"ஆமா! பாத்தேன்! கையில செம்புத் தண்ணியப் புடிச்சிக்கிட்டு நின்னேன். சாரல் அடிச்சுது. மேற்க ஒரு காக்கா கத்திச்சு." பிறகு இருமினார். என் இருமல்.

நான் நாற்காலியின் கையைப் பிடித்தேன். நாற்காலிக்குக் கை கிடையாது. பக்கத்திலிருந்த குமாஸ்தாவின் கையைப் பிடித்திருக்கிறேன்.

"அது எந்த வருஷம்?"

"எங்கம்மை கல்யாணமாயி வந்த வருஷம்."

எதிர்க்கட்சி வக்கீலுக்குத் தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியவில்லை. "அப்படின்னா உம்ம தாயாரு கல்யாணத்துக்கு நீரும் போயிருந்தீரோ?"

"ஆமா! போயிருந்தேன். பந்தியில சாப்பிட்டேன்."

கோர்ட்டு அதிர்ந்தது. சேவகன் 'சத்தம்' என்று அதட்ட வாயைத் திறந்து, அவனே சிரித்துவிட்டான். பக்கத்து வயல்காரர், அதாவது எதிர்க்கட்சிக்காரர், துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

முன்சீப் கண்ணைத் திறந்தார்.

"இதையெல்லாம் உமக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"நம்ம வக்கீலையாதான்" என்றார் அண்ணாச்சி, குரலில் அவ்வளவு விசுவாசம். "நடிச்சே காட்டுனாக."

சிரிப்பு பட்டென்று நின்றது. கோர்ட்டில் இருந்த அத்தனை கண்களும் என்மேல் திரும்பின. முன்சீப் டப்பியைக் கீழே வைத்தார். "ஓய், இதுக்கு நீர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். நான் மேலே எழுதினால் என்ன ஆகும்னு உமக்குத் தெரியும்."

தெரியாமல் என்ன? காகிதம் போகிற வழி முழுவதும் எனக்கு மனப்பாடம். ஜில்லா ஜட்ஜ், மதராஸ், திரும்ப வருகிற ரயில், தச்சநல்லூர்ச் சாலை, வைக்கோல். எழுந்து நின்றேன். வருஷக்கணக்கில் கேட்காமலே பேசிய வாய், கேட்டபோது ஒட்டிக்கொண்டது.

"அது வந்து..."

"எது வந்து?"

"வந்து... அது..."

அண்ணாச்சிக்கு அப்போதுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று உறைத்தது. "ஐயா, இவுக கேட்ட கேள்வி அச்சு அசலா அதே கேள்வி. வாய் தன்னால போயிருச்சு. வக்கீலையா சொன்னது இன்னும் இருக்கு. முழுசாச் சொல்லட்டுமா? ஆனா முதல்ல இருந்துதான் வரும். நடுவுல எடுத்தா வராது."

முன்சீப் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் முதலிலிருந்து சொல்லும். ஒரு வார்த்தை விடக்கூடாது. பிரமாணம் ஞாபகம் இருக்கட்டும்."

எனக்கு உயிர் வந்தது. கடைசியில் 'உள்ளதச் சொல்லும்' என்று நான் சொன்னது இருக்கிறதே! அது ஒன்று போதும், சன்னது பிழைத்தது! கோர்ட்டு வாசற்படி வரை ஏறக்குறையக் குதித்துக்கொண்டு வந்தேன். வாசற்படியில் நின்றுபோனேன். கடைசியில் அது இருக்கிறது, சரி. முதலில் என்ன இருக்கிறது?

பொடி. குறட்டை. 'மேலே சொல்லும் ஓய்'. மறுபடியும் குறட்டை.

வீடு பக்கத்துத் தெருதான். ஓடினேன். என் மனைவி இலை போட்டிருந்தாள். நான் நேரே கூடத்துக்குப் போய்ச் சன்னதைக் கழற்றி, கண்ணாடியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தேன்.

"என்ன பண்ணுதீக?"

"ஒருதரம் பார்த்துக்கிடுதேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் கவலை வரும் என்று எதிர்பார்த்தேன். "அந்தக் குறட்டையையுமா சொல்லப் போறாரு?" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சன்னது போனா என்ன செய்யுதது?"

"கருப்பட்டி மண்டியில சேருங்க. மாசாமாசம் கருப்பட்டியாவது சும்மா கிடைக்கும்." பிறகு கொஞ்சம் இரங்கி, "ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்துல சன்னது போனா இன்னும் கஷ்டமா இருக்கும்" என்றாள்.

நான் சாப்பிட்டேனா என்பது எனக்குத் தெரியாது. சாப்பிட்டதாகவும், ரசத்தை மோர் என்று நினைத்து உப்புப் போட்டதாகவும் அவள் இன்றுவரை சொல்கிறாள். அந்தச் சாட்சியத்தை நான் மறுப்பதில்லை.

திரும்பிப் போனபோது கோர்ட்டு வேப்பமரத்தடியில் அண்ணாச்சி எனக்காகக் காத்து நின்றார். சுற்றிலும் யாருமில்லை. சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயா, நான் உங்களுக்குக் கேடு பண்ணிட்டேன் போலிருக்கே" என்றார். "ஒரு வழி இருக்கு. அந்தப் பொடி போடுத இடம், குறட்டை விடுத இடம், அதையெல்லாம் வாயத் தொறக்காம உள்ளுக்குள்ளயே ஓட்டிட்டு, அடுத்ததுக்கு வந்துருதேன். யாருக்கும் தெரியாது. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. 'விட்டுரும்' என்கிற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. முன்சீபுக்கு நான் அவரைக் கேலி செய்தது தெரிய வேண்டியதில்லை, சன்னதும் தப்பும், எல்லாருக்கும் சந்தோஷம். பிரமாணம் செய்த சாட்சியிடம் வக்கீல், இதைச் சொல், இதை விடு என்று...

இருந்த இடத்திலேயே எனக்கு வேர்த்தது. சற்று முன்புவரை நான் செய்யாத குற்றத்துக்காக நடுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது அதே குற்றம் வேப்பமரத்தடியில் வந்து, செய்யுதீரா என்று மரியாதையாக என்னைக் கேட்கிறது! கருப்பட்டி மண்டிக்காரருக்கும் இப்படித்தான் வந்திருக்கும். கொம்பும் வாலும் வைத்துக்கொண்டா வரும்? விசுவாசமான ஒரு கட்சிக்காரர் முகத்தோடு, ஒத்தாசை செய்கிற குரலில்தான் வரும்.

"ஒண்ணையும் விடாதேயும் அண்ணாச்சி."

"குறட்டையுமா?"

"குறட்டையுந்தான்."

"ரெண்டாவது குறட்டையும்?"

நான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினேன். நடந்து உள்ளே போனது யார் கால் என்று தெரியவில்லை, என்னுடையது இல்லை.

உள்ளே நிற்க இடமில்லை. செய்தி எப்படியோ பரவி, பக்கத்துக் கோர்ட்டு வக்கீல்களெல்லாம் வந்து சுவரோரம் நின்றார்கள். அண்ணாச்சி மறுபடியும் பிரமாணம் செய்தார். செருமினார். பிறகு அவர் அங்கே இல்லை; நான் இருந்தேன். மேல்துண்டை இடுப்பில் கட்டுகிற நான். "என்ன ஆகும்னு காட்டுதேன், பாரும்" என்கிற நான். அடுத்து அந்த நான், கண்ணெதிரே, முன்சீபாக மாறினேன்.

அண்ணாச்சி பொடியை உறிஞ்சினார். மூக்கைச் சுழற்றினார். குறட்டை விட்டார், நான் விட்டதைவிட நன்றாகவே விட்டார், கோர்ட்டு முழுக்க உருண்டது. திடுக்கிட்டு விழித்து, திருநெல்வேலி நாக்கில் தஞ்சாவூரைப் பிடித்து, "ம்... மேலே சொல்லும் ஓய்!" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க வக்கீல்கள் பட்ட பாடு பார்க்கப் பரிதாபமாக இருந்தது. ஒருவர் தலைப்பாகையைக் கழற்றி அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான் மேஜைக்கடியில் ஒளிய முடியுமா என்று அளவு பார்த்தேன்.

அப்போது அண்ணாச்சி பெண்குரலில் கலகலவென்று சிரித்தார்.

"அது யாரு?" என்றார் முன்சீப்.

"வக்கீலம்மா. உள்ளேயிருந்து சிரிச்சாக. ஒரு வார்த்தையும் விடக்கூடாதுன்னு சொன்னீகளேய்யா."

"மேலே சொல்லும் ஓய்" என்றார் முன்சீப். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. சுவரோரம் ஒரு விம்மல் கேட்டது.

இரண்டாவது குறட்டை வந்தது. எதிர்க்கட்சி வக்கீலின் வயிறு வந்தது, நிஜ வக்கீல், "நான் அப்படியா வே இழுக்கேன்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே கோட்டை இழுத்துவிட்டார். செம்புத் தண்ணி, சாரல், காக்கை, பந்தி எல்லாம் வரிசையாக வந்தன. பாத்திரம் உருண்ட சத்தத்தையும் நாக்கால் ஒலித்துக் காட்டினார். கடைசியில் என் குரலில், என் மூச்சிரைப்போடு அது வந்தது. "பாத்தீரா அண்ணாச்சி? இப்படிச் சொன்னா உமக்கு ஜெயிலு, எனக்குக் கருப்பட்டி மண்டி. அதனால உள்ளதச் சொல்லும். பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லும்." பிறகு தன் சொந்தக் குரலில், "ஆமா" என்று முடித்துக் கும்பிட்டார்.

முன்சீப் என்னைப் பார்த்தார்.

"இந்தச் சாட்சியத்தில் ஒரு பொய் இருக்கிறது ஓய்."

என் கண் முன்னால் கறுப்புக் கோட்டு காற்றில் ஆடிற்று. மண்சட்டி என் தலைக்குச் சரியாக இருந்தது.

"நான் பொடி போடுவது இடது கையால். நீர் வலது கையால் போட்டிருக்கிறீர். இத்தனை வருஷமாக என் எதிரே நிற்கிறவர், இதைக்கூடவா பார்க்கவில்லை?"

இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகச் சிதறியது. முதலில் சிரித்தது எதிர்க்கட்சி வக்கீல். அவர் வயிறு மேஜையில் இடித்து மைக்கூடு கவிழ்ந்தது. முன்சீப் சிரிக்கவில்லை. டப்பியை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி இடது கையால் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, மூக்கைச் சுழற்றினார். சுழற்றல் நான் செய்த மாதிரியே இருந்தது. அதில் நான் பொய் சொல்லவில்லை.

"வக்கீல் உண்மையைத்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார். மேலே எழுத ஒன்றுமில்லை" என்று தீர்மானமான குரலில் சொன்னார். "காலையில் சொன்னதைச் சாட்சி இங்கேயே திருத்திக்கொள்ளட்டும். ஓய், அப்புறம் இனிமேல் சாட்சிகளுக்கு நடித்துக் காட்டாதேயும். ஊமைக் கூத்தாகக்கூட வேண்டாம்."

அண்ணாச்சியைப் புதிதாகக் கேட்டார்கள். "நான் பாக்கலய்யா. அம்மை சொல்லிக் கேட்டது" என்றார் இந்தத் தடவை. "நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து நாந்தான் ஏறிப் பறிக்கேன். இன்னா நிக்காரே, இவரு அப்பாவே வேலிக்கு அங்கன நின்னு, ஊறுகாய்க்கு ரெண்டு காய் தாரும் தாயின்னு எங்கம்மைகிட்ட கேட்டு வாங்கிட்டுப் போவாரு."

முன்சீப் எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்தார். அந்த மனுஷன் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சிரித்தவனால் உடனே பொய் சொல்ல முடியாது போலும். "ஆமாய்யா. வாங்கிட்டு வருவாரு. நானும் கூடப் போயிருக்கேன்" என்றார். தன் மரமாக இருந்தால் ஏன் கேட்டு வாங்க வேண்டும் என்று அவருடைய வக்கீலுக்கே புரிந்து, தலையில் கை வைத்துக்கொண்டார். செம்புத் தண்ணியும் காக்கையும் ஜெயித்துக் கொடுக்காத மரத்தை ஊறுகாய் ஜெயித்துக் கொடுத்தது.

அந்தக் கோடையில் அண்ணாச்சி ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார். முன்சீப் ஐயாவுக்கும் ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேட்டார். "சன்னது இப்பத்தான் வே பிழைச்சிருக்கு!" என்று அலறி, அந்தக் கூடையையும் நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

தண்டனை ஒன்றும் இல்லாமல் போகவில்லை. அதற்குப் பிறகு என் தரப்பில் யார் கூண்டில் ஏறினாலும், பிரமாணம் முடிந்ததும் முன்சீப், "உங்க வக்கீல் நடித்துக் காட்டினாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவார். நானும் எழுந்து, "இல்லை" என்று பதில் சொல்வேன். ஜில்லாவிலேயே சாட்சியோடு வக்கீலையும் விசாரித்த ஒரே கோர்ட்டு அது.

சில வருஷம் கழித்து அவருக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வந்தது. வக்கீல்களெல்லாம் சேர்ந்து ஆற்றங்கரைத் தோப்பில் ஒரு விருந்து வைத்தோம். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது அவர் என்னைக் கூப்பிட்டார். "ஓய், உம்மைப் பார்த்து அந்த மனுஷன் செய்ததைத்தான் நான் பார்த்திருக்கேன். அசலைப் பார்க்கவில்லை. எழுந்திரும்."

எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டினேன். அவர் தம்முடைய வெள்ளி டப்பியையே நீட்டினார். பிரமாணம் செய்யாவிட்டாலும் அன்றைக்கு முழு உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, இடது கையால் ஒரு சிட்டிகை எடுத்தேன். பழக்கமில்லாத கை. பாதி மூக்குக்குப் போயிற்று, பாதி கண்ணுக்குப் போயிற்று. தும்மலும் கண்ணீருமாக, ஒரு வார்த்தை பேச முடியாமல் தோப்பு நடுவே நான் தள்ளாடி நிற்க, முன்சீப் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"அழாதேயும் ஓய்" என்றார். "சன்னது உம்மிடத்தில்தான் இருக்கு."